சிங்கம் வராத கேசட்

உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும், எந்த உயிரையும், பார்த்தவுடன் சரி என்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்தான். கடவுளே நேரில் வந்து நின்றாலும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் தள்ளி நிற்கச் சொல்லி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க, நாலு கையில ரெண்டு கை நீளம் கம்மியா வந்திருக்குதுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. நல்லூரில் நான் அயர்ன் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங். தைத்து வரும் சட்டைகளை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, பிசகு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. மற்றவர்கள் ஒட்டினால் சட்டைக்கு ஒன்று, அபூர்வமாக இரண்டு. அண்ணன் பார்த்த சட்டை அம்மை போட்ட குழந்தை மாதிரி திரும்பி வரும். தேறிய சட்டையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். வேண்டாத விருந்தாளியை அனுப்புவது போல என் அயர்ன் டேபிள் பக்கம் தள்ளி விடுவார். "ஓகே" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டவர் கம்பெனியில் யாரும் இல்லை.

ஆனால் மரியாதைக்குக் குறைவே இருக்காது. "ரிஜெக்டுங்க" என்பார், ஏதோ காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது போல. ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வணக்கம் அல்ல, "ரிஜெக்டுங்க"தான். மதியம் சோற்றில் கல் கிடந்தால் அவர்களே அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த ஞானம் வேலை நேரத்தோடு நின்றிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். கழுத்தில் டேப்பும் சட்டைப் பையில் ஸ்டிக்கர் கட்டுமாகத்தான் அவர் தெருவுக்கும் வருவார். பேக்கரியில் பன்னுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார். அவரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்த லைன் வீட்டில், சுவரிலிருந்த பதினோரு விரிசலுக்கும் ஒட்டினார். வீட்டுக்காரர் ரோஷப்பட்டு வெள்ளையடித்தார். வெள்ளையடித்த லட்சணத்துக்காகப் பன்னிரண்டாவது ஒட்டினார். மேனேஜர் தன் பேரக் குழந்தையை ஆசையாகக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணன் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கை லெந்த் சரியா இருக்குதுங்க. எடது காதுதான் சித்த மேல ஏறி வந்திருக்குது. இனி ஆல்டர் பண்ண முடியாதுங்க, இப்படியே இருக்கட்டும்."

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நாள் பழைய டிவி கேம் ஒன்று சிக்கியது.

முதலாளியின் மகன் வெளிநாட்டில் குடியேறிவிட்டதால், அவன் சிறு வயதில் விளையாடியதையெல்லாம் வீட்டம்மா ஒரு சாக்கில் கட்டி, தூக்கிப் போடச் சொல்லிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். ஒரு கேம் பெட்டி, கையில் பிடித்து விளையாட ஒயர் நீண்ட இரண்டு கட்டைகள், நாற்பத்து மூன்று கேசட்டுகள். அண்ணன் சாக்கை மறித்துக்கொண்டு நின்றார். "செக் பண்ணாத எப்படிங்க தூக்கிப் போடறது?" என்றார். குப்பைக்குப் போவதைக் கூட முறைப்படி ரிஜெக்ட் செய்துதான் அனுப்ப வேண்டுமாம். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு பீஸை உள்பக்கம் வெளிப்பக்கம் முழுதாகப் பார்க்காமல் கழிப்பது பாவம். அதன்படி ஒவ்வொரு விளையாட்டையும் கடைசி வரை விளையாடி முடித்த பிறகுதான் கழிக்க முடியும். விளையாட இரண்டு கட்டைகள் இருந்ததால் இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. பக்கத்து அறையில், மறுத்துப் பேசத் தெரியாத ஆளாக, நான் இருந்தேன்.

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவருடைய பழைய பெட்டி டிவிக்கு முன்னால் இருவரும் பாய் விரித்து உட்காருவோம். சண்டை போடும் வீரனை நடுவில் நிறுத்தி வைத்து, எழுந்து போய் டேப் வைத்து அளப்பார். "எடது கை அரைக்கால் இன்ச் நீளமுங்க." கார் பந்தயத்தில் வானம் இந்தப் பக்கம் ஒரு நீலம், அந்தப் பக்கம் ஒரு நீலம். "ஷேடு மாறுதுங்க, ரெண்டு ரோல் துணில வெட்டியிருக்கறாங்க." கால்பந்தில் பந்து கோல்கீப்பரின் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே வந்தது. அதற்கு மூன்று ஸ்டிக்கர். டிவி கண்ணாடி முழுவதும் சிவப்பு அம்புகள் நிறைந்து, சில வாரங்களில் கதாநாயகன் எங்கே இருக்கிறான் என்று தேடுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. கேசட்டுகள் ஒவ்வொன்றாக மரியாதையோடு கழிந்துகொண்டிருந்தன.

இருபத்தேழாவது கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் தீ கக்கும் மோட்டார் சைக்கிள், வாள் ஏந்திய பயில்வான், பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு சிங்கம். போட்டுப் பார்த்தால் மோட்டார் சைக்கிளும் இல்லை, வாளும் இல்லை. இரண்டு குள்ளர்கள் நின்றார்கள். ஒருவன் கத்தரிக்காய் நிறம், ஒருவன் தயிர் நிறம். இருவருக்கும் சேர்த்து ஒரு ஏணி. இடது பக்கம் நடந்தால் சுவர். வலது பக்கம் நடந்தால் சுவர். ஏணியைச் சாத்தினால் விழுந்தது. பத்து நிமிடம் இதுதான்.

"இத யாருங்க பாஸ் பண்ணுனது?" என்று வருத்தமாகக் கேட்டார் அண்ணன்.

கழித்திருப்பார். ஆனால் படத்தில் சிங்கம் இருந்தது. சிங்கம் வராமல் விளையாட்டை முழுதாகப் பார்த்ததாக எப்படிச் சொல்வது? இரண்டு ஞாயிறு சிங்கத்துக்காகக் காத்திருந்தோம். சிங்கம் இன்று வரை வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு நான் கை தவறி வேறு பொத்தானை அழுத்தினேன். ஏணி படுத்துக்கொண்டது. படுத்த ஏணி பாலமானது. அதன் மேல் நடந்து சுவரைத் தாண்டினால், பின்னால் ஓர் ஊரே இருந்தது. கிணறுகள், மாடிகள், மாடி மேல் மாடி. ஒவ்வொரு மாடியிலும் இறங்கத் தெரியாமல் ஓர் ஆடோ கழுதையோ நின்று கத்தியது. ஏணியைச் சாத்தியும் படுக்கவைத்தும் அவற்றை இறக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு புது யோசனை. இரண்டு மணி நேரம் அண்ணன் கை ஸ்டிக்கர் பக்கம் போகவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அது முதல் லீவு. அவர் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று கம்பெனியில் நினைத்தார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு வழி உண்டு. மேலே ஏறியவன் ஏணியை இழுத்துக்கொண்டு தனியாகவே உச்சிக்குப் போய்விடலாம். கொடி ஏறும், பாட்டு வாசிக்கும். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்தபடி நிற்பான், அவ்வளவுதான். அண்ணனின் விரல்கள் ஸ்டிக்கர் உரிக்கப் பழகியவை என்பதால் அவர் ஆள் அடிக்கடி கீழே விழுவான். நான் ஏணியோடு மறுபடி இறங்கி வருவேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. தனியாக மேலே போய் நான் என்ன செய்ய? அங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால்?

அந்தக் கேசட்டை ஐந்து மாதம் 'ஹோல்டு' என்று, கழிக்கவும் இல்லாமல் தேற்றவும் இல்லாமல், தனியாக வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் வேலைக்கு நடுவில், யாரும் கேட்காமலே, "அந்த ஏணி பீஸு பாஸுங்க" என்றார். கரண்ட் போனது போல மிஷின்கள் நின்றன. மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

"எத்தன லட்சம் சட்டை பாத்திருப்பீங்க. ஒன்னையாச்சும் இப்படி வாயில சொன்னதுண்டா?"

"உங்க சட்டைல ஏணி இல்லீங்களே."

இந்த நிலையில்தான் எனக்கு மங்கலத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. முன்னால் பார்த்த ஏழு இடமும் தட்டிப் போயிருந்தன. பாதி இடங்களில் நான் ஊமை என்றே முடிவு செய்துவிட்டார்கள். "இதுவும் தட்டுனா இனி நான் பாக்கறதா இல்ல, சாமியாராப் போயிரு" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பெண் பெயர் கோமதி, முப்பத்தெட்டு வயது. போட்டோவில் சிரிக்கவில்லை. போட்டோக்காரன் ஏதோ அசட்டுத்தனமாகச் சொன்னதைக் கேட்டு முறைப்பது போல் இருந்தார். அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கே போய் அவனைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். கோமதியின் அண்ணன், தறி ஓட்டுபவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். வாசலில் திருநெல்வேலிக்கார வாட்ச்மேனிடம் விசாரித்தார். கம்பெனியில் நூற்று முப்பது பேர் இருந்தோம். நூற்று இருபத்தொன்பது பேரை விட்டுவிட்டு வாட்ச்மேன் கை நீட்டினார்.

"அந்தா, கழுத்துல டேப்பப் போட்டுட்டு நிக்காருல்லா, அவருட்ட கேளுங்க. பக்கத்து வீட்டுக்காரரு."

செக்கிங் டேபிளுக்கு அடுத்தது என் டேபிள். கோமதியின் அண்ணனிடம் இருந்த என் போட்டோ பத்து வருடத்துக்கு முந்தியது, தலையில் முடியோடு எடுத்தது. அதனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் நீராவி பெடலை மிதித்து, வந்த ஆவிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"ஏனுங்ணா, நாச்சிமுத்துங்கறவரு எப்படி? தங்கச்சிக்குப் பாக்கறோமுங்க."

ரிஜெக்ட் அண்ணன் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். முழு கவனம் கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"மொதல்ல டேமேஜச் சொல்லிப்போடறனுங்க."

"சொல்லுங்க."

"முன்தலைல முடி போயிருச்சு. நீங்க வெச்சிருக்கற போட்டோ பழைய லாட்டுங்க. படிப்பு அஞ்சாவதோட கட்டு. வலது தோளு முக்கால் இன்ச் எறக்கம், அயர்ன் பாக்ஸ் புடிச்சுப் புடிச்சு வந்தது, நானே டேப் வெச்சுப் பாத்திருக்கறேன். ரசம் குடிச்சா சத்தம் வருமுங்க, செவுத்துக்கு அக்கட்டால எனக்குக் கேக்குது."

"இன்னும் இருக்குதுங்களா?"

"இனிதானுங்க மெயின் டேமேஜே. பேச்சு கெடையாது. ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள ஒரு ஷிப்மெண்டு போயிரும்."

என் கையிலிருந்த வெள்ளைச் சட்டையின் காலர் தீய்ந்து பழுப்பேறிக்கொண்டிருந்தது. மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதற்கு அதுவே சாட்சியாகப் போயிற்று.

கோமதியின் அண்ணன் பைக் சாவியை எடுத்துக்கொண்டார். "அப்ப வேண்டாம்கறீங்க. நெம்ப நன்றிங்ணா."

"நான் எப்பங்க வேண்டாம்னேன்? உங்க ஊட்டுல டிவி கேம் இருக்குதுங்களா?"

பாவம், எந்த மாப்பிள்ளை விசாரிப்பிலும் அவர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்க மாட்டார். அண்ணன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஏணி விளையாட்டை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். கத்தரிக்காய்க் குள்ளன், தயிர்க் குள்ளன், கழுதை, வராத சிங்கம் உட்பட.

"மேல இருக்கற படத்தப் பாத்தா பத்து நிமிசத்துல தூக்கிப் போட்டுருவீங்க. மூணாவது வாரந்தான் அது என்னன்னே தெரியும். அதுல ஒருத்தர உட்டுப்போட்டு இன்னொருத்தர் மேல போயிரலாமுங்க. போனா கொடி ஏத்துவாங்க. நான் எத்தனையோ தடவ உழுந்திருக்கறேன். ஒருக்கா கூட இவரு என்னய உட்டுப்போட்டுப் போனதில்லீங்க. ஏணிய எடுத்துட்டு எறங்கி வந்துருவாரு. பதினாலு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்."

கீழே வைத்த சட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஆளு பாஸுங்க" என்றார்.

கோமதியின் அண்ணன் எழுந்து போனார். வாசலில் வாட்ச்மேனிடம், "அவருக்கு எத்தன நாளா இப்படி?" என்று கேட்டாராம்.

நான்கு நாள் எந்தச் சேதியும் இல்லை. நான் அண்ணனோடு பேசவில்லை. வழக்கமாகவே பேசுவதில்லை என்பதால் என் கோபத்தை அவர் கவனிக்கவும் இல்லை.

மங்கலத்தில் நடந்ததைக் கோமதி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். "கிறுக்கன்கிட்ட போயி மாட்டிக்கிட்டேன் கண்ணு. மாப்பிள்ளைய டிவி கேமுங்கறான். அவனுக்குச் சொட்டை, தோளு எறக்கம், வாயே தொறக்க மாட்டான்னு வரிசையா சொல்றான்."

கோமதி கேட்டிருக்கிறார்: "எல்லாக் கொறையும் அவங்களே சொன்னாங்களா?"

"ஒன்னு பாக்கி இல்ல."

"இதுவரைக்கும் பதினோரு எடம் விசாரிச்சுட்டு வந்தீங்க. பதினோரு பேரும் தங்கமுன்னு சொன்னாங்க. அதுல ஒரு தங்கத்துக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருந்துச்சு. இங்க மட்டுந்தான் கொறைய பூராவும் சொல்லியிருக்கறாங்க. இதுக்கு மேல ஒன்னும் இருக்காது. சரின்னு சொல்லிடுங்க."

அவிநாசிக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ரிஜெக்ட் அண்ணன் இஸ்திரி போட்ட வேட்டியில் வந்து, என் மாலையில் ஒரு பக்கம் ரோஜா இரண்டு குறைவு என்றும், சாம்பாரில் முருங்கைக்காய் ஒரே அளவில் வெட்டப்படவில்லை என்றும் உரியவர்களிடம் மரியாதையாகத் தெரிவித்தார். மணமக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோமதி அவரை நேருக்கு நேராகப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணனுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இப்போது நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். எனக்காக அவர் செய்ததற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாக முயற்சி செய்கிறேன். போன மாதம் கூட அதற்கென்றே அவர் அறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன்.

"ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்றார்.

"இல்லீங்ணா."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த நன்றியை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால், "கெளம்புங்க, அண்ணன் ஏணி கேமப் போட்டுட்டுப் பாத்துட்டிருப்பாரு" என்று கோமதி செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறார். நான் அதற்கு முன்பே சட்டை மாற்றியிருப்பேன்.