அந்த ஓனர் மட்டும் கையில் கிடைக்கட்டும்

திங்கட்கிழமை வேன் தன்னை விட்டுவிட்டுப் போனதிலிருந்து பென்னி கொதித்துக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகைக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அது. அவன் தெருமுனையில் ஓடி வருவதைப் பார்த்தும் நிற்கவில்லை. அரை நாள் சம்பளம் போச்சு. டிரைவர் பச்சையப்பனைக் கேட்டால், "ஓனர் ஆர்டர் சார், ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதாம்" என்று ஒரு மாதிரி சிரித்தான்.

அந்த ஓனர் மட்டும் கையில் கிடைக்கட்டும்! இனிமேல் வேலைக்குப் போனால் சொந்தக் காரில்தான்.

பேங்கில் வட்டி குறைவு. ஆனால் கேட்ட முன்பணத்துக்கு மயக்கமே வந்தது. திருவள்ளூர் ஷோரூம் விமல் முன்பணமே வேண்டாம் என்றான். ஆனால் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டியாம். அவனோடும் சண்டை. மிச்சம் நகைக் கடன்தான். சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறைக்குள் பாய்ந்தான்.

"கிரேஸு, செயினக் கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"கார் வாங்கப் போறேன். நகைக் கடன்தான் தோது. நம்ம நகை, நம்ம காரு. எவன் கேக்கறது?"

மனைவி தோசையைத் திருப்பினாள். "வேன்லதான போய்க்கினு இருந்த?"

"வேன் பேச்சே எடுக்காத! ஓனராம் ஓனரு! ஆட்ட அடைக்கறா மாதிரி அடைச்சிக்கினு போறான், கஞ்சப் பிசினாரி! அவன் ஊடு வெளங்குமா?"

"யோவ், ஊட்டல்லாம் இழுக்காத."

"செயினு!"

கழற்றிக் கையில் வைத்தாள். இவ்வளவு லேசில் கொடுப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. செயினும் லேசாகத்தான் இருந்தது.

"இன்னாமே இது?"

"கவரிங்கு. நெசச் செயினு நகைக் கடன்ல கீது. வளையலுந்தான். அதான் தோதுன்னு எனக்குப் போன வருசமே தெரியும்."

பென்னிக்குக் கண் சிவந்தது. "யாரக் கேட்டு வச்ச? அந்தக் காசுல இன்னா வாங்கின?"

"வண்டி."

"எந்த வண்டி?"

வாசலில் ஆரன் அலறியது. பச்சையப்பன் ஜன்னலில் தலையை நீட்டினான். "ஓனரம்மா! டீசலுக்குக் காசு!"

பென்னி திட்டுவதற்கு வாயைத் திறந்தான். வாசலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கடைசியில் கத்தினான், "ஏன் எங்கைல சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வேனுக்கு மாசக் காசு குடுத்திருப்பியா?"

மறுபடி ஆரன்.

"ஒரு நிமிஷம்கூட நிக்காது" என்றாள் ஓனர்.

பென்னி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.