பேன் பார்த்து ஆள் சொன்னவர்

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பேனைப் பார்த்து ஆளைச் சொன்னவர் என் வாழ்நாளில் ஒருவர்தான். நிஜாம் ஆட்சியின் கடைசி வருடங்களில், செகந்திராபாத்தில் எங்கள் பெண்கள் விடுதிக்கு மேட்ரனாக இருந்த அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். நாங்கள் பேன் மேட்ரன் என்போம், நேரில் மேட்ரனம்மா.

விடுதியில் இருந்ததெல்லாம் ரயில்வேக்காரர்களின் பெண்கள். அப்பாக்கள் காஜிபேட்டையிலும் டோர்னகலிலும் இன்ஜினோடு மல்லுக்கட்ட, நாங்கள் இங்கே கணக்கோடு மல்லுக்கட்டினோம். சனிக்கிழமை காலையில் கொய்யா மரத்தடியில் வரிசையாக உட்கார வேண்டும். மேட்ரனம்மாவின் மடியில் வெள்ளை எனாமல் தட்டு, கையில் பேன் சீப்பு, வலது கண்ணில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் லென்ஸ். அவர் கணவர் கடிகாரக்காரர். அவர் காலமானபோது விட்டுப்போன ஆஸ்தி அது ஒன்றுதான்.

சீப்பை ஒரு இழுப்பு இழுத்துத் தட்டில் தட்டுவார். விழுந்ததைக் குனிந்து பார்ப்பார். தீர்ப்பு வரும்.

"ஏட்டி, இது உன் தலையில பொறந்தது இல்ல. சோபியா தலையில உள்ளது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுன்னு சொன்னியளே?"

அந்த 'ஏட்டி' நான்தான். எனக்கும் சோபியாவுக்கும் வெளியில் சண்டை. படுக்கையில் ஒரே தலையணையில் ரகசியம். "எப்படித் தெரியும் மேட்ரனம்மா?" என்றேன்.

"அவ தலைக்கு வெளக்கெண்ணெய். வெளக்கெண்ணெப் பேன் மெதுவாத்தான் நடக்கும். இதுகூடத் தெரியாதா?"

எந்த விஞ்ஞானியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் மேட்ரனம்மா சொல்லி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எங்களுக்கு ஞானப்பாட்டு சொல்லித்தர வந்த வாத்தியாருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. ஒரு நாள் பாட்டு நடுவே மேட்ரனம்மா எழுந்து போய், அவர் கோட்டுக் காலரிலிருந்து எதையோ எடுத்து லென்ஸில் பார்த்தார்.

"வாத்தியாரையா, பேன் வளர ஒங்க தலையில எடமில்ல. இது மார்த்தா டீச்சர் தலையில உள்ளதுல்லா?"

ஆர்மோனியம் நின்றது. மார்த்தா டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தார். அடுத்த மாதம் வேதக் கோயிலில் இருவருக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். பந்தியில் மேட்ரனம்மாவுக்கு முதல் இலை போட்டார்கள்.

அவ்வப்போது எங்களுக்குப் பாடமும் நடக்கும். "தலைப்பேன் அழுக்கு, சுத்தம் பாக்காது. நவாப் வீட்டுப் பொண்ணு தலையிலயும் ஏறும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சீலைப்பேன் கொஞ்சம் பெருசு, வெளுத்த நெறம். மாத்துத்துணி இல்லாதவங்க துணித் தையல்ல குடியிருக்கும். பசிச்சா மட்டும் ஒடம்புக்கு வந்துட்டுப் போவும்."

"மூணாவது ஒண்ணு இருக்காமே மேட்ரனம்மா?" என்றாள் சோபியா.

"இருக்கு. கல்யாணம் ஆனப்புறம் வந்து கேளு."

கல்யாணம் ஆன பிறகும் எங்களில் யாருக்கும் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

விடுதித் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். மிஸ்ஸியம்மா என்போம். தமிழைப் புத்தகத்தில் படித்து அப்படியே பேசுவார். யுத்த காலத்தில் ஊரில் ஒரு காய்ச்சல் பரவியது. சீலைப்பேன்தான் கொண்டுவருகிறது என்றார்கள். எவளிடம் சீலைப்பேன் இருந்தாலும் அவள் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும் என்று மிஸ்ஸியம்மா உத்தரவு போட்டுவிட்டார்.

மெட்ரிக் பரீட்சைக்கு முந்தின வாரம் ஜெப அறையில், பெஞ்சில் விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் ஒன்று ஊர்ந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மேட்ரனம்மாவும் பாக்கியமும். பாக்கியம் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேனின் மகள். இருந்த இரண்டு பாவாடையில் ஒன்றைத் தங்கைக்கு அனுப்பிவிட்டு, மற்றதையே துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போனால் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தயாராக இருந்தார். பாக்கியம்தான் தயாராக இல்லை.

மிஸ்ஸியம்மா அதைத் தட்டில் எடுத்து நீட்டினார். "மேட்ரன், இந்தப் பேன் எவளுடையது என்று நீர் சொல்ல வேண்டும்."

லென்ஸ் கண்ணுக்குப் போனது. பாக்கியம் பாவாடை ஓரத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மேட்ரனம்மா எந்தப் பேனையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சீலைப்பேன்தான் மிஸ்ஸியம்மா."

"எவளுடையது?"

"என்னுது."

மேட்ரனம்மாவின் சேலைக் கஞ்சி மொடமொடப்பு அடுத்த அறைக்குக் கேட்கும். மிஸ்ஸியம்மா அந்தச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "உம்முடையதா? நீர் பிழைபட்டிருக்கலாம்."

"பேன் விஷயத்துல நான் என்னிக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன்? ரவிக்கைத் தையல்ல இருந்து வந்தது. எங்கிட்டயே இருக்குன்னா, பிள்ளைங்க துணியில இல்லாம இருக்குமா? அம்புட்டையும் இன்னிக்கே அவிச்சிரணும்."

அதற்கு மேல் வாதாட மிஸ்ஸியம்மாவுக்கு வழி இல்லை. பக்கத்துத் தெருச் சமையல்காரர் பாவர்ச்சியிடம் கல்யாணப் பிரியாணிக்கு வைக்கும் பெரிய டேக்ஸா அண்டாவைக் கேட்டு வாங்கினோம். எதற்கென்று சொல்லவில்லை. விடுதித் துணி முழுவதும் அதில் வெந்தது. அந்த வருடம் அந்தத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் சாப்பிடப் போகவில்லை. மேட்ரனம்மா தன் சேலை ஒன்றைக் கொதிக்கவைத்து, காயவைத்து, பாக்கியத்துக்கு இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்தார்.

உத்தரவு உத்தரவுதான். ஆனால் மேட்ரனை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த வேளை கஞ்சிக்கு ஆள் கிடையாது. ஆகவே வேலை நேரம் போக விறகுக் கொட்டகையில் தனியாக இருக்கச் சொன்னார்கள். சேதி ஊர் முழுக்கப் பரவியது. டோபி சிரித்தான். மார்த்தா டீச்சர்கூட இரண்டடி தள்ளி நின்றே நலம் விசாரித்தார். பேன் மேட்ரன் என்ற பெயர் வெளியில் சீலைப்பேன் மேட்ரன் ஆனது. அவருக்கு அது வலிக்காமலா இருந்திருக்கும்? முகத்தில் காட்டவில்லை.

பரீட்சை முடிந்த சாயங்காலம் பாக்கியம் நேரே கொட்டகைக்குப் போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம். அன்றைக்குத் தட்டில் இருந்தது யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாக்கியம் அவரை ஒட்டி உட்கார்ந்து தோளில் தலையைச் சாய்த்தாள். இந்தப் பக்கம் நான் சாய்ந்தேன்.

"தள்ளிப் போங்கட்டி, ஒட்டிக்கிடும்!" என்று மிஸ்ஸியம்மா காதில் விழும்படி மேட்ரனம்மா கத்திக்கொண்டே இருந்தார்.

நாங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தோம்.