முழங்கை மேம்பாட்டுக் குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் இடது முழங்கையைக் கண்டுபிடித்தான். கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும்போது அந்த முழங்கை உயர்ந்திருந்தால் நாகரிகம் பிழைக்கும். தாழ்ந்திருந்தால் எடுக்கிற ரன்கள் எல்லாம் வெறும் ரன்கள்தான். இந்தப் பேருண்மை எங்கள் அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, தேநீருக்குப் பிறகு, வந்து சேர்ந்தது. தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டோம்.

எங்களுடையது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். ஊரில் எங்கே ஒரு லிஃப்ட் பாதியில் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் எங்களைத்தான் நினைக்கிறார்கள். என்ன வார்த்தைகளால் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அந்த வார்த்தைகளைப் பதிவேட்டில் எழுதி ஆளுக்கொரு எண் கொடுப்பது என் வேலை. புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர் நான். கூடவே நிறுவனக் கிரிக்கெட் அணியின் கௌரவச் செயலாளர்.

ஆறு வருடங்கள் அந்த அணியில் மூன்றாவதாக இறங்கினேன். முறைப்படி ஆடினேன். நான் ஆட்டமிழக்கும் அழகைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகவே எதிரணியினர் என்னைச் சுற்றி நெருங்கி வந்து நிற்பார்கள். ரன் அதிகம் வராது. ஆனால் வராத ரன் ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளபடி வராமல் இருந்தது.

அப்போதுதான் கிரீஸ் வந்தார்.

அவருக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவர் கை எப்போதும் கிரீஸாகவே இருந்ததால் அந்தப் பெயரை யாரும் தொட்டதில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மைதானத்துக்கு எதிர்க்கட்டடத்தில் வேலையாக வந்திருந்தவரைக் கூப்பிட்டு, ஒரு ஆள் குறைகிறது என்று என் இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஆடுகளத்துக் கிரீஸுக்குள் கிரீஸ் வந்து நின்றது. அறுபத்திரண்டு ரன். மட்டையை ஸ்பானர் பிடிப்பதுபோல் பிடித்து, இறுகிப்போன நட்டைத் திருகுவதுபோல் ஒரு சுழற்று. பந்து பெரும்பாலும் சாலைக்குப் போனது.

அடுத்த வாரம் என் கழுத்து சரியாகிவிட்டது. மூன்றாவது இடம் திரும்பி வரவில்லை. என்னை ஒன்பதாவது இடத்துக்கு ‘உயர்த்தினார்கள்’.

நான் பொறாமைப்பட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். பொறுப்புணர்வு உள்ளவனை இந்த உலகம் அப்படித்தான் சொல்லும். மேலாளருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘ரன்கள் வருவதை மறுப்பதற்கில்லை. அவை வரும் வழி குறித்தே அணியின் கவலை’ என்று தொடங்கி, கிரீஸின் இடது முழங்கை இடுப்பளவில் இருப்பதைப் படம் போட்டுக் காட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மேலாளர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“ஏழு மேட்ச்ல ஆறு ஜெயிச்சிருக்கோம். எப்படி ஜெயிச்சோம்னு யாராவது சொல்ல முடியுமா?”

“அடிச்சோம் சார்” என்றார் ஸ்டோர் கீப்பர். அவர்தான் எங்கள் விக்கெட் கீப்பரும்.

“அடிச்சோம்கிறது முடிவு. நான் கேக்குறது செயல்முறை.”

ஆறு வெற்றிகளும் காரணம் தெரியாமல் நடந்தவை என்பது புரிந்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

அந்த அவமானத்தைத் துடைக்க மேலாளர் தன் மச்சினனை அழைத்து வந்திருந்தார். மச்சினன் மெத்தை விற்ற காலத்தில் தூக்க நிபுணர். தண்ணீர் வடிகட்டி விற்ற காலத்தில் உடல்நல நிபுணர். இப்போது விற்க ஒன்றும் இல்லாததால் ‘மனநிலைப் பயிற்சியாளர்’. எந்த அணிக்கு ஆடியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

“ஆடுறவன் உள்ள இருந்து பாக்குறான் சார். நான் வெளிய இருந்து பாக்குறேன்.”

நாற்பது வருடமாக ஒரு தடவைகூட உள்ளே போகாமல் காப்பாற்றிவந்த பார்வை அது. அவர் கிரீஸை எழுந்து நிற்கச் சொன்னார்.

“பந்து வர்றப்ப நீங்க என்ன யோசிக்கிறீங்க?”

கிரீஸ் துணியில் கையைத் துடைத்தபடியே கொஞ்சநேரம் நினைத்துப் பார்த்தார். “ஒண்ணும் யோசிக்கிறதில்லீங்க.”

“ஒண்ணுமேவா?”

“பந்து வரும். அடிப்பேன். அப்புறம் அடுத்த பந்து வரும்.”

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் செய்வதுபோல் இருந்தது. “இவர் மனசு காலியா இருக்கு. முழங்கைய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அன்றே ‘முழங்கை மற்றும் மனநிலை மேம்பாட்டுக் குழு’ அமைந்தது. தலைவர் மேலாளர், ஆலோசகர் மச்சினன், செயலாளர் நான். பெயர் நீளமாக இருந்ததால் மனநிலையை மட்டும் பெயரிலிருந்து எடுத்துவிட்டோம்.

பயிற்சி எங்கள் கட்டடத்து லிஃப்டில் நடந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி உள்ள இடம் வேறெங்கும் இல்லை. மதிய இடைவேளையில் கிரீஸ் மட்டையோடு உள்ளே நின்று முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடி மேலும் கீழும் போய்வருவார். இரண்டாம் மாடிப் பல் மருத்துவரிடம் வந்தவர்கள், கதவு திறந்ததும் மட்டையை ஓங்கியபடி ஒருவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, வலி மறந்து படியிறங்கிப் போனார்கள். இதை ஒரு சேவையாகவும் கொள்ளலாம்.

மனநிலைக்குத் தனிப் பாடம். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் யார்? பந்து என்ன நினைக்கிறது? என் முழங்கை எங்கே? இதிலிருந்து நான் கற்கப்போவது என்ன? ஆட்டம் முடிந்ததும் பதில்களை டைரியில் எழுத வேண்டும். கிரீஸ் வகுப்புக்கு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவர் நல்ல மாணவர். குறை அதுதான்.

முதல் ஆட்டத்தில் அவர் முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி, இரண்டாவதையும் தாண்டி, மூன்றாவதுக்குத் தன் முழங்கையைத் திரும்பிப் பார்த்தார். நான்காவது கேள்விக்குப் பந்து காத்திருக்கவில்லை. ஸ்டம்ப் மூன்றும் விழுந்தன. முழங்கை விழவில்லை.

“பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமான பூஜ்யம்” என்றார் பயிற்சியாளர். மேலாளர் கைதட்டினார். நான் நடவடிக்கைக் குறிப்பில் ‘தரமான பூஜ்யம்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் இரண்டு ரன். அதற்கடுத்து பூஜ்யம். பிறகு ஒன்று. தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றோம். ‘தோல்வி’ எதிர்மறைச் சொல் என்பதால் ‘நிலுவையில் உள்ள வெற்றி’ என்று மாற்றிக்கொண்டோம். என் பதிவேட்டில் அப்போது நிலுவை நான்கு.

ஐந்தாவது வாரம் கிரீஸின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். தையல்காரர். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

“அண்ணே, இவருக்கு என்ன செஞ்சீங்க?”

“மேம்படுத்தியிருக்கோம்மா.”

“சாப்பிடுறப்ப முழங்கையப் பாத்துக்கிட்டே சாப்பிடுறாரு. வாய் எங்க இருக்குன்னு நான் சொல்ல வேண்டியிருக்கு. பல் விளக்குறதுக்கு முன்னாடி ‘நான் யாரு’ன்னு கண்ணாடியப் பாத்துக் கேக்குறாரு. எனக்குத் தெரிஞ்ச பதிலச் சொன்னேன். அது டைரிக்கு ஆகாதாம்.”

“ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும்.”

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்த பிறகுதான் பேசினார். “ஞாயித்துக்கிழமைன்னா விசிலடிச்சுக்கிட்டே ஷூ தொடைப்பாருண்ணே. வாரம் பூரா குனிஞ்சு வேலை செய்ற மனுஷனுக்கு அந்த ஒரு காலைதான். இப்ப சனிக்கிழமை சாயங்காலமே வயித்த வலிக்குதுங்கிறாரு. போகாதீங்கன்னா, குழு என்ன நினைக்கும்கிறாரு. வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க புகார் வாங்குறவருன்னு சொன்னாங்க.”

உடனே பேனாவை எடுத்து அவருக்கும் ஒரு எண் கொடுத்தேன். நானூற்றுப் பதினேழு. அவர் அந்தச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை நண்பகல். நானூற்றுப் பதினேழை விவாதிப்பதற்காக மேலாளரும் பயிற்சியாளரும் நானும் ஐந்தாம் மாடிக் கூட்ட அறைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது. பயிற்சியாளர் ஒரு மூலையில் உட்கார்ந்து கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். மூடிய இடம் அவருக்கு ஆகாதாம், சின்ன வயதிலிருந்தே.

“ஆழமா மூச்சு விடுங்க. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க” என்றேன்.

“சும்மா இருங்க சார்” என்றார்.

பத்து நிமிடத்தில் வெளியே கிரீஸின் குரல் கேட்டது. “சார், உள்ள யாரு இருக்கீங்க?”

“நாங்கதான்யா, குழு” என்றார் மேலாளர்.

“முழுக் குழுவுமா சார்?”

“முழுசும்தான். சீக்கிரம் திற.”

மற்ற நாளாக இருந்தால் நான்கு நிமிட வேலை. மொட்டை மாடி அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, பெட்டியை ஒரு தளத்துக்கு நகர்த்தி, சாவி போட்டுக் கதவைத் திறந்தால் முடிந்தது. பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

“என்னய்யா பண்ற?”

“யோசிக்கிறேன் சார்.”

“என்னத்த?”

“மூணாவது கேள்வியில நிக்கிறேன் சார். திறக்கிறதுங்கிறது முடிவு. நான் இன்னும் செயல்முறையிலதான் இருக்கேன்.”

கிண்டல் என்று மேலாளர் நினைத்தார். கதவில் காதை வைத்திருந்த எனக்குத் தெரியும், அது கிண்டல் இல்லை. அந்தக் குரல் உடைந்துபோயிருந்தது. “மொதல்லல்லாம் கை தானா போகும் சார். இப்ப நான் கையப் பாக்குறேன். நான் பாத்தா அது நின்னுடுது. எந்த நட்டு, எந்தப் பக்கம் சுத்தணும், எல்லாம் தெரியும். ஆனா போக மாட்டேங்குது சார்.”

பயிற்சியாளர் தவழ்ந்து கதவருகே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. “யோசிக்காதய்யா” என்று கதவைத் தட்டினார். “ஒண்ணுமே யோசிக்காத. முழங்கைய விட்டுத் தள்ளு. கை போற போக்குல போ.”

வெளியே ஸ்பானரை எடுக்கும் சத்தம். பிறகு, “நெசமாவா சார் சொல்றீங்க?”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா.”

படியேறி ஓடும் சத்தம் கேட்டது. மூன்றே நிமிடத்தில் பெட்டி அசைந்து கீழே இறங்கியது, கதவு திறந்தது. கிரீஸ் கை நிறைய கிரீஸோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வாரக் கணக்கில் நான் பார்க்காத ஒரு தெளிவு. பயிற்சியாளர் அவரைத் தள்ளிவிட்டுப் படிப் பக்கம் ஓடினார்.

மறுநாள் குழு கூடி இந்த அனுபவத்தை ஆராய்ந்தது. அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று: ‘பணி நேரத்தில் ஊழியர்கள் யோசிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும் யோசிக்க வேண்டும்.’ பயிற்சியாளர் கையெழுத்திட்டிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

சுற்றறிக்கையைப் படித்துவிட்டு கிரீஸ் என் மேஜைக்கு வந்தார். கால்காப்பு, கையுறை, டைரி மூன்றையும் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்தார்.

“என்னால முடியாது சார். வாரத்துல ஆறு நாள் ஒரு ஆளா இருந்துட்டு ஏழாவது நாள் வேற ஆளா இருக்க வரல.”

“உங்க இஷ்டம்” என்றேன்.

அவர் போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒண்ணு கேக்கட்டா சார்? என் முழங்கை கீழ இருக்குன்னு மொதல்ல பாத்தது யாரு?”

“அது குழுவோட முடிவு.”

“குழு வர்றதுக்கு முன்னாடி சார்.”

நான் பதிவேட்டைத் திறந்து, நானூற்றுப் பதினெட்டில் என்ன எழுதலாம் என்று பார்த்தேன்.

“சரி சார்” என்றார். “யாரா இருந்தாலும் அவருக்கு நல்ல கண்ணு. நான் அது வரைக்கும் பாத்ததே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறாராம். மைதானம் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார் என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார்.

குழுவின் பணி அதோடு நிற்கவில்லை. மீதிப் பேரும் ஒருவர்பின் ஒருவராகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் மறுபடியும் நான் இறங்குகிறேன். சராசரி நான்கு ரன். அணியிலேயே இதுதான் அதிகம். ஆண்டறிக்கையை நேற்றுதான் எழுதி முடித்தேன். கடைசி வரியை மேலாளர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் பாராட்டினார்: ‘நமது அணியில் நிலவிய ஏற்றத்தாழ்வு அடியோடு நீங்கியது. இன்று பதினொரு பேரும் என் அளவுக்கு மேம்பட்டுவிட்டார்கள்.’