பதினொரு மணிக்கு ஒரு 'டக்'

சுவிட்சர்லாந்தில் மின்சாரத்தின் விலை எத்தனை மணிக்குக் கூடும், எத்தனை மணிக்குக் குறையும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, மின்சாரம் கொடுக்கிற நிறுவனம். இன்னொன்று, எங்கள் பக்கத்து வீட்டு மீற்றர் அண்ணை. இதில் நிறுவனத்துக்கு அவ்வப்போது சந்தேகம் வரலாம். அண்ணைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அது அவருடைய சொந்தப் பெயரில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் பெயர் மிக நீளம், தபால்காரரே பாதியில் விட்டுவிடுவார். பக்கத்து ஊரான திரிம்பாக்கின் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனாலும் "மீற்றர் அண்ணை குடும்பமோ?" என்றுதான் கேட்கிறார்கள். சாமி கும்பிட்டு முடித்ததும் அண்ணை நேரே பின்பக்கம் போய் அங்குள்ள மின்பலகையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார். எதற்கு என்றால், "சும்மா, சுகமாய் இருக்கோ எண்டு பாக்கத்தான்" என்பார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கணினி வேலை. ஓல்டனுக்குப் பக்கத்தில் நான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு வரிசையில் இரண்டாவது வீட்டை வாங்கினோம். நான்கு வீட்டு மின் மீட்டர்களும் சைக்கிள் அறையில் ஒரே அலமாரிக்குள் இருந்தன. பழைய காலத்து மீட்டர்கள். கண்ணாடிக்குள் ஒரு வெள்ளித் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். குடிவந்த மறுநாள் சைக்கிளை எடுக்கப் போனால், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கையைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார்.

"தம்பியோ ரெண்டாம் வீட்டுக்கு வந்தது?"

"ஆமாங்க."

"உங்கட வீட்டிலை இப்ப மா அரைபடுது. இட்லிக்கோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் என் மனைவி உண்மையாகவே கிரைண்டரைப் போட்டிருந்தாள். அவர் எங்கள் தட்டைக் காட்டினார்.

"அங்கை பாருங்கோ, ஆடி ஆடிச் சுத்துது. சோத்துக் குக்கர் எண்டால் ஒரே சீராய் ஓடும். அயன் பொக்ஸ் எண்டால் ஓடும், நிக்கும், ஓடும், நிக்கும். இது கல்லு. உழுந்து கொஞ்சம் இறுக்கம் போலை கிடக்கு. தண்ணி விடச் சொல்லுங்கோ."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். அன்றிலிருந்து அந்த மனிதர் மேல் எங்கள் வீட்டில் ஒரு பயபக்தி வந்துவிட்டது.

அடுத்த மாதம் அண்ணை முகத்தில் கவலையோடு வந்து மணி அடித்தார். "தம்பி, உங்கட வீட்டிலை ஆரோ ஒரு ஆள் நித்திரை கொள்ளுறேல்லை" என்றார். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். விளக்கு, டிவி, அடுப்பு, கீழறையில் இருந்த பெரிய ஃப்ரிட்ஜ் என ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். அண்ணை மீட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து, தட்டில் இருந்த சிவப்புப் புள்ளியையே பார்த்தார். புள்ளி மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது.

"பாத்தீங்களோ! ஆள் உள்ளைதான் இருக்கு."

அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர். என் மாமனார் கோயம்புத்தூரில் வாங்கி, துண்டில் சுற்றி, விமானத்தில் கொடுத்தனுப்பியது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஃப்ரிட்ஜ் போய்விடுமாம். இந்த நாட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கியதைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பழைய வீட்டையும் சேர்த்து ஏழு வருடமாக அது அடாப்டருக்கு மேல் அடாப்டர் மாட்டி 'ம்ம்ம்' என்று காவல் காத்துக்கொண்டிருந்தது. நான் வெட்கத்தில் நெளிந்தேன். அண்ணை சிரிக்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்து, "பாவம், சூடாய்க் கிடக்கு. ஆறட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்த 'டக்'கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் அப்போது இரண்டு விலை. பகலில் கூடிய விலை, வார நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் குறைந்த விலை. சனிக்கிழமை மட்டும் பகல் ஒரு மணிக்கே குறைந்துவிடும். விலை மாறும் கணத்தில் அந்த அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி 'டக்' என்று சத்தம் போடும். அண்ணையின் வீடு முதல் வீடு. சைக்கிள் அறையின் சுவர்தான் அவர்கள் சமையலறையின் சுவர். அந்த வீட்டில் துவைப்பது, தேய்ப்பது, சமைப்பது எல்லாமே அந்த 'டக்'குக்குப் பிறகுதான்.

இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை விருந்துக்குப் போனோம். "பன்னிரண்டரைக்கு வாங்கோ" என்றார்கள். போனோம். மீன் பச்சையாகத் தட்டில் இருந்தது. எண்ணெய் சட்டியில் குளிர்ந்து கிடந்தது. அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, அகப்பையோடு நின்றிருந்தார். ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்திருந்த மகள் வாஷிங் மெஷின் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றாள். எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தோம்.

'டக்.'

அதற்குப் பிறகு நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். மீன் பொரிந்தது, மெஷின் சுழன்றது, ஓவன் எரிந்தது, குக்கர் கொதித்தது, வேக்யூம் கிளீனரோடு அண்ணை மாடியில் ஓடினார். ஒன்றே முக்காலுக்கு ஏழு கறியோடு சாப்பாடு. அப்படி ஒரு மீன் குழம்பை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. மகள் என் காதில் சொன்னாள்: "அண்ணா, நான் ஃப்ரிபூர்க்கிலை தனி வீடு எடுத்து முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு மெஷின் போட்டனான். பொத்தானை அமத்த முன்னம் சுவரைத் திரும்பிப் பாத்தனான்."

சாப்பிட்ட தைரியத்தில் அண்ணையிடமே கேட்டுவிட்டேன். "அண்ணே, ஏன் இப்படி? காசுக்கா?"

"காசோ? அது என்ன பெரிய காசு" என்றார். "தம்பி, நாங்கள் கலியாணம் கட்டேக்கை ஊரிலை கறண்ட் இல்லை. வருசக் கணக்காய் இல்லை. ஜாம் போத்திலுக்கை திரி போட்டு எரிச்சனாங்கள், அதுக்கும் மண்ணெண்ணெய் கிடையாது. மனிசியின்ரை முகத்தை நான் முதன்முதல் வடிவாய்ப் பாத்தது இஞ்சை வந்து சுவிச்சைப் போட்டாப் பிறகுதான்."

"பகல்ல பார்க்கலையா?"

"பகலிலை ஆர் பாத்தது? சண்டைக்குப் பயந்து ஓடிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்."

அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணை தொடர்ந்தார். "இஞ்சை வந்த முதல் நாள் சுவிச் போட்டன், எரிஞ்சுது. அடுத்த நாளும் எரிஞ்சுது. இண்டை வரைக்கும் ஒருநாளும் ஏமாத்தேல்லை. அப்பிடியான ஒண்டை நினைச்ச நேரம் நினைச்சபடி பாவிக்கலாமோ? அது வாற நேரம் பாத்து நாங்கள்தான் இருக்கோணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மரியாதையின் பாரம் யார் தலையில் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறார். ஐந்தரைக்கு வீடு திரும்புவார். பாண் ரொட்டியும் பிளாஸ்க் தேநீரும்தான் அப்போது. சோறு ஒன்பதுக்கு மேல். என் மனைவியிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "பிள்ளை, இந்த வீட்டுக்கு வந்து இருவத்திரண்டு வருசம். வேலையால வந்த உடனை சுடச்சுடச் சோறு திண்டதில்லை. இந்த மனிசன் நல்லவர்தான். ஆனால் எனக்குப் பசி அஞ்சரைக்கு வருது, கறண்ட் ஒம்பதுக்கெல்லோ வருது."

போன செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது. புத்தாண்டிலிருந்து இரவு மலிவு ரத்து. ஊர்க் கூரையெல்லாம் சூரியத் தகடு வந்துவிட்டதால், பகலில்தான் மின்சாரம் மிஞ்சுகிறதாம். இரண்டில் ஒன்றை அக்டோபர் கடைசிக்குள் தெரிவு செய்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்க ஒரே விலை என்பது ஒன்று. பதினொரு மணி முதல் நாலு மணி வரை மிக மலிவு, அதற்குப் பதிலாக மாலையில் மிகக் கூடுதல் என்பது மற்றது.

கடிதத்தோடு மீட்டரையும் மாற்றினார்கள். தட்டும் இல்லை, சிவப்புப் புள்ளியும் இல்லை, எண்கள் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. மாட்ட வந்தவருக்கு அண்ணை தேநீர் கொடுத்து, இது விலை மாறும்போது சத்தம் போடுமா என்று ஜெர்மனில் கேட்டார். "கொஞ்சம்கூடப் போடாது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

நான் இதுதான் சமயம் என்று களத்தில் இறங்கினேன். அண்ணைக்கு அந்த வசந்தத்தில்தான் ஓய்வு கிடைத்திருந்தது, அக்காவுக்கு இன்னும் மூன்று வருட வேலை பாக்கி. பதினாலு பத்தி போட்டு ஓர் எக்செல் தயாரித்து அண்ணையிடம் எடுத்துப் போனேன்.

"அண்ணே, ஒரே விலைன்னு டிக் பண்ணிடுங்க. அக்கா அஞ்சரைக்கு வந்ததும் தாராளமா சமைக்கலாம். மத்தியான விலையை எடுத்தீங்கன்னா அவங்க சமைக்கிற நேரம்தான் இருக்கிறதிலேயே அதிக விலை."

அண்ணை பதினாலு பத்தியையும் விரல் வைத்துப் படித்தார். "வடிவாய்ச் செய்திருக்கிறியள். பொறுங்கோ தம்பி, என்ரை பரிசோதனை இன்னும் முடியேல்லை" என்றார்.

என்ன பரிசோதனை என்று சொல்லவில்லை. ஆனால் அக்டோபர் முழுக்க அவருடைய நடமாட்டம் சரியில்லை. பழைய பொருள் கடையிலிருந்து தடித்த இறகுப் போர்வை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மறுவாரம் மூன்று தலையணைகள். பிறகு ஒரு தெர்மாமீட்டர். பகலில் அவர்கள் வீட்டிலிருந்து எதுவோ கருகும் வாசனை வந்தது. "ஏங்க, ஹீட்டரையும் நிறுத்திட்டுப் போர்த்திக்கிட்டு உட்காரப் போறாரா? அக்கா பாவம்ங்க" என்றாள் என் மனைவி.

கடைசி நாள் படிவத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "மத்தியானம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு மனிதர் மின்சாரத்துக்குக் காட்டுகிற இரக்கத்தைப் பெண்டாட்டிக்குக் காட்ட மாட்டாரா என்று பொரிந்தேன். நேரில் இல்லை, வீட்டுக்குள்தான். இரண்டு மாதம் சைக்கிள் அறையில் அவரைக் கண்டால் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஜனவரி முதல் வாரம் வேலை நாள் ஒன்றில், மாலை ஐந்தே முக்காலுக்கு அக்கா எங்கள் கதவைத் தட்டினார். குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ரெண்டு பேரும் ஒருக்கா வாங்கோ" என்றார். கூட்டிக்கொண்டு போனது நேரே படுக்கையறைக்கு.

கட்டிலில் அக்கா படுக்கிற பக்கத்தில் யாரோ தலைவரை போர்த்திப் படுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்திருந்தது. அக்கா போர்வையை விலக்கினார். உள்ளே, செய்தித்தாள் சுற்றிய சோற்றுப் பானை. அதன் பக்கத்தில் பருப்பு. அதன் பக்கத்தில் மீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து அக்காவின் கண்ணாடியை மறைத்தது.

அண்ணை கதவருகே தெர்மாமீட்டரோடு நின்றார். ஓல்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் முப்பது வருடம் பாத்திரம் கழுவியவர், அதுவரை ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. "மூண்டே முக்காலுக்கு அடுப்பை நிப்பாட்டிப் படுக்க வைச்சனான். ரெண்டு மணித்தியாலத்திலை ஒம்பது பாகைதான் இறங்கியிருக்கு" என்றார்.

"அண்ணே, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சூடு நிக்குதோ எண்டு தெரியாமல் என்னெண்டு சொல்லுறது? ஒரே விலை எண்டால் அவ வேலையால களைச்சு வந்து நிண்டெல்லோ சமைக்கோணும் தம்பி."

என் எக்செல்லில் பதினாலு பத்தி இருந்தது. யார் சமைப்பது என்று ஒரு பத்தி இல்லை. அக்காதான் சமைப்பார் என்று கேட்காமலே எழுதிவிட்டிருந்தேன். அவ்வளவு படித்ததற்கு வெட்கமாக இருந்தது.

அக்கா கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தார். "உப்புக் கொஞ்சம் கூட" என்றார். பிறகு இன்னொரு வாய். "ஆனால் சுடுது" என்றார். அதற்கு மேல் நாங்கள் அங்கே நிற்கவில்லை.

புது மீட்டர் சத்தம் போடாதது மட்டும் அண்ணைக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. ஆகவே அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். தினமும் பதினொரு மணிக்குத் தோட்டத்துக்கு வந்து, நான்கு வீட்டுக்கும் கேட்கும்படி, "டக்!" என்பார். ஒருநாள்கூட ஒரு நிமிடம் தவறியதில்லை. நாங்களும் மத்தியான விலையைத்தான் எடுத்திருந்தோம். மனைவி உடனே கிரைண்டரைப் போடுவாள். நாலாம் வீட்டு சுவிஸ் அம்மாளுக்குத் தமிழில் இந்த ஒரு சொல்தான் தெரியும். அது கேட்டால் வாஷிங் மெஷினைப் போட்டுவிடுவார்.

இப்போது அண்ணையும் அக்காவும் ஃப்ரிபூர்க்கில் இருக்கிறார்கள், மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போய் ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் பதினொரு மணிக்கு நான் வீட்டில் கணினி முன்னால் இருந்தேன். சத்தம் வரவில்லை. கிரைண்டர் ஓடவில்லை. நாலாம் வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து முதல் வீட்டைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்தேன். அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், அண்ணை நிற்கிற இடத்துக்கு நேரே வேலியோரம் நின்று, "டக்" என்றேன். சத்தம் போதவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கிரைண்டர் ஓடியது. நாலாம் வீட்டில் மெஷின் சுழன்றது.

அன்று மாலை அண்ணை போனில் பேசினார். பேரப்பிள்ளை நல்ல சுகம், அக்காவும் சுகம் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "தம்பி, அங்கை ஆரும் பதினொரு மணிக்கு..." என்று இழுத்தார்.

"நான் சொல்லிட்டேன் அண்ணே. கரெக்டா பதினொண்ணு."

"நல்லது" என்றார். என் 'டக்' உங்களுடையதுபோல் இல்லை, சீக்கிரம் வாங்க அண்ணே என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.