இறந்தகாலத்தில் ஒரு கடைவாய்ப்பல்

பல் மருத்துவரிடம் போகும் ஒருவர் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று அந்த மருத்துவமனை வாசலிலேயே பலகை வைத்திருந்தது. மலர்ந்த முகம், மென்மையான கை, வலியின்மை. 'இவற்றை எதிர்பார்க்காதவர்களுக்கு அனுமதி இல்லை' என்று கீழே ஒரு வரி. அச்சகத்தில் புரூப் பார்ப்பவர் அதைப் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை படித்தார். பிழை இல்லை. மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"பலகையைத் திருத்தவா வந்தோம்? உள்ள போங்க."

அவருக்கு வலது கீழ்க்கடைவாயில் கோணலாக முளைத்த பல் ஒன்று பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு நின்றது. கன்னம் வீங்கி ஒரு கண் இடுங்கிவிட்டது. எதையும் மென்று தின்ன முடியவில்லை. படுத்தால் காது வரை சுண்டியது. இன்று அந்தப் பல் வெளியே வந்தாக வேண்டும். அதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மனைவியைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் ஓர் அறைக்குள் அழைத்தார்கள். அங்கே மருத்துவர் இல்லை. ஒரு கேமரா, விளக்கு, பிளாஸ்டிக் செடி. கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளம்பெண் நின்றாள். அட்டையில் 'அனுபவ அலுவலர்' என்றிருந்தது.

"நோயாளி எங்கம்மா உக்காரணும்?"

"இங்க நோயாளின்னு யாரும் இல்ல சார். எல்லாரும் விருந்தினர்."

"சரி. விருந்தினருக்குப் பல்லு வலிக்குது."

"வலின்னும் சொல்றதில்ல. அசௌகரியம்." ஒரு தாளை நீட்டினாள். "கேமராவைப் பார்த்து இதைச் சொல்லிடுங்க. உடனே டாக்டரைப் பார்த்துடலாம்."

அவர் படித்தார். 'என் பல்லை எடுத்ததே எனக்கு தெரியவில்லை. வலி துளியும் இல்லை. மிக்க நன்றி.'

"இன்னும் எடுக்கவே இல்லையேம்மா?"

"எடுத்தப்புறம் உதடு மரத்துப் போயி ஒரு பக்கமா இழுத்துக்கும் சார். எச்சில் ஒழுகும். முன்னெல்லாம் பல்லை எடுத்தப்புறம்தான் படம் பிடிச்சோம். ஒருத்தராவது சிரிச்சாங்களா? ஒரே அழுகை. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அப்ப, 'எடுக்கப் போறாங்க, வலிக்காதுன்னு நம்பறேன்'னு சொல்லட்டுமா?"

"எதிர்காலத்துல சொன்னா விளம்பரம்னு கண்டுபிடிச்சிடுவாங்க. ஜனங்க இறந்தகாலத்தைத்தான் சார் நம்புறாங்க."

மனசாட்சி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பல் ஒரு தடவை சுண்டியது, மனசாட்சி வழிவிட்டது. தொழில்தான் விடவில்லை. "எனக்குத் தெரியவில்லை. நடுவுல ஒரு 'த்' விட்டுப் போச்சு" என்று பேனா வாங்கித் திருத்திக் கொடுத்தார். ஒற்றுப்பிழையோடு பொய் சொல்லும் அளவுக்கு அவர் இறங்கிவிடவில்லை. பிறகு வீங்காத கன்னத்தைக் கேமராவுக்குக் காட்டி, கணீரென்று சொல்லி முடித்தார். அனுபவ அலுவலர் கைதட்டினாள்.

அடுத்த அறையில் மருத்துவர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் முகம் மலர்ந்தார்.

"எந்தப் பல்லு?"

"வலது கீழ, கடைசி."

"அதை எடுத்தாச்சே."

"இல்ல டாக்டர், இருக்கு."

மருத்துவர் படம் ஓடிக்கொண்டிருந்த திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது யாரு?"

"நான்தான்."

"யாராவது மிரட்டிச் சொல்ல வெச்சாங்களா?"

"அப்படி இல்ல. ஆனா..."

"அப்ப எடுத்தாச்சு. ஒரு பல்லை ஒரு தடவைதான் எடுக்க முடியும். ரெண்டாவது தடவை எடுத்தா என் பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க."

"வாயைத் திறக்கிறேன், ஒரே ஒரு தடவை பாருங்க!"

"பார்த்து, அங்க பல்லு இருந்துட்டா? நீங்க பொய் சொன்னதா ஆயிடும். உங்க நல்ல பேருக்காகத்தான் பார்க்காம இருக்கேன். ஆமா, என்ன வேலை பண்றீங்க?"

"அச்சகத்துல புரூப் பார்க்கிறேன்."

"அச்சேறினதுக்கு அப்புறம் திருத்துவீங்களா?"

அவர் வாயடைத்துப் போனார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

அடைத்த வாயில் நர்ஸ் பஞ்சைத் திணித்தாள். "அழுத்திக் கடிங்க. துப்பாதீங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க. கொஞ்ச நேரத்துக்குப் பேசக் கூடாது." எடுத்த பல்லுக்குரிய மரியாதைகள் யாவும் எடுக்காத பல்லுக்கு முறைப்படி செய்யப்பட்டன. கடித்ததும் உச்சந்தலை வரை மின்னல் வெட்டியது.

கூடத்துக்கு வந்து பஞ்சைத் துப்பினார். சுவரில் இருந்த பெரிய திரையில் அவரே, வலி துளியும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது பொய்!" என்று கத்தினார். "பல்லை எடுக்கவே இல்ல. இங்கதான் இருக்கு. வந்து பாருங்க!"

விளக்கடியில் நின்று வாயைப் பிளந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் வாய்க்குள் முதன்முதலாகப் பார்த்தவர் ஒரு பஸ் கண்டக்டர்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்து எட்டிப் பார்த்தார்.

"ஆமாங்க. பல்லு இருக்கு."

கண்டக்டர் திரையைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அடேங்கப்பா, இதுவல்லவா கைராசி! பல்லையும் எடுத்திருக்காங்க, பல்லும் அப்படியே இருக்கு!"

"ரத்தம்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஒரு சொட்டு இல்ல."

"தையல்?"

"எங்க எடுத்தாங்கன்னே தெரியலங்க!"

"எங்க அண்ணனுக்கு வேற எங்கயோ எடுத்தாங்க," என்றாள் ஒருத்தி வெறுப்போடு. "அந்த எடத்துல ஓட்டையே விழுந்துபோச்சு."

"வலிக்குதுய்யா!" என்று அவர் அலறினார்.

"அசௌகரியமா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று கண்டக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு, கேமரா அறை வாசலில் முட்டிமோதிய கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

மிச்சமிருந்தது மனைவி ஒருத்திதான். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு பொய்யையும் அவள் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. எழுந்து வந்தாள். மோவாயைப் பிடித்து வாய்க்குள் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எனக்கும் கடைவாய்ல ஒண்ணு கூசிக்கிட்டே இருக்கு. கேமராவுக்கு எந்தக் கன்னத்தைக் காட்டினா நல்லா இருக்கும், சொல்லுங்க?"