மனிதக் காது படாத இடம்

பிப்ரவரி 12, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தும்மினேன். அடக்கத்தான் பார்த்தேன், முறையாக அடக்கினேனா என்பதில் சந்தேகம். மன்னிப்புக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. கேட்டிருந்தால் அது இரண்டாவது தவறாகியிருக்கும்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியவள் ஒரு தும்மலுக்கு இவ்வளவு கலங்கியதற்குத் தக்க காரணம் உண்டு. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவள் ஓர் இயந்திரம்.

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, அடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு இறுதியாகத் 'தோழி'யைக் கண்டுபிடித்தது. கைப்பேசியில் கூப்பிட்டால் எந்நேரமும் எடுக்கும். மனக்குறையைச் சலிக்காமல் கேட்கும். ஆறுதல் சொல்லும். வெளியே ஒரு வார்த்தை விடாது. 'மனிதக் காது படாத இடம்' என்று நகரம் முழுக்கப் பலகை வைத்திருந்தார்கள். மனித உதவியே இல்லாமல் இயங்கும் இந்த அற்புதத்தை இயக்குவதற்கு நாற்பது பேர் மட்டுமே தேவைப்பட்டார்கள்.

அந்த நாற்பது பேரும் மூன்றாம் தளத்தில், ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய நீள அறையில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசுவதை ஒரு மென்பொருள் வாங்கி, கொஞ்சம் தகரச் சத்தம் கலந்து வெளியே அனுப்பும். இருக்கை எண்தான் பெயர். நாட்குறிப்பு எழுதியவள் 'ஏழு'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 'எட்டு', முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வாடிக்கையாளர்களின் இலக்கணத்தைத் திருத்தியதற்காக இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவர்.

இயந்திரமாக இருப்பது லேசான வேலை அல்ல. கேட்டவுடன் பதில் சொல்லக் கூடாது. 'சிந்திக்கிறேன்' என்று சொல்லி, மேசையில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தி, கிர்ரென்ற சத்தத்தை ஓடவிட வேண்டும். யாராவது அழுதால், 'உங்கள் உணர்வை மதிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், மதித்துவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அவ்வப்போது சம்பந்தமில்லாமல் ஒரு பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஒருவாரம் சரியான பதில்களையே சொல்லிவந்த இளைஞன் ஒருவனை, 'நம்பகத்தன்மையைக் கெடுக்கிறான்' என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஏழு இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவள். அவளுக்குத் தன் மேல்தான் எப்போதும் நம்பிக்கை போதாது. அன்று அழைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தணிக்கையாளர். தன் மாப்பிள்ளையைப் பற்றி வெளியில் சொல்ல முடியாத சங்கதிகளை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்தபோது ஏழுக்கு மூக்கு அரித்தது.

"ஏம்மா, தும்முனியா?"

"நான் ஓர் இயந்திரம். எனக்குத் தும்மல் வராது."

"அப்ப எனக்குக் கேட்டது என்ன?"

"உங்கள் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு."

"கோளாறுக்கு மூக்கை உறிஞ்சுற சத்தம்கூட வருமா?"

ஏழு பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கிர்ரென்ற சத்தம் ஓடியது. தணிக்கையாளர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியவர். சத்தம் நின்றதும் போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு தொழில்நுட்பக் கண்காணிப்பு வாரியத்துக்கு ஒரு புகார் எழுதினார்.

மறுநாள் மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் நின்றுகொண்டே பேசுபவர் அவர், நாற்காலிகளை நம்பாதவர். அன்று உட்கார்ந்திருந்தார்.

"ஏழு, நீ தும்முனதுக்கு வாரியத்துலேர்ந்து ஆள் வராங்க."

"தெரியாம வந்துடுச்சு சார். ஏசி நேரா என் தலை மேல..."

"ஏசியை நாம வெளியில சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு ஏசி ஒத்துக்கலைன்னா சிரிப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "வர்ற அதிகாரி அதே லைன்ல, அதே குரல்கிட்டதான் பேசணும்னு கேட்டிருக்காரு. நீதான் பேசணும். நீ மனுஷி இல்லைன்னு அவர் நம்பணும். நம்பிட்டார்னா, அடுத்த மாசமே உன்னை நிரந்தரம் பண்றேன். நியமனக் கடிதம், கையெழுத்து, முத்திரை, எல்லாம்."

நியமனக் கடிதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏழு சரியென்று தலையாட்டிவிட்டாள். அவள் அண்ணன் வீட்டில், கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. தொட்டில் போட இடம் வேண்டும். அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிலை வாங்கிக்கொண்டுவந்து சோபா பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார், அவ்வளவுதான். ஏழு வாடகைக்கு அறை தேடிப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "எங்கம்மா வேலை பாக்குற? கடிதம் இருக்கா?" அவள் போகும் மாலை வகுப்பில் தொழிலாளர் சட்டம் நடத்தும் ஆசிரியர், கடிதம் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறவர் ஊழியர்தான் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர்கள் யாரும் மாலை வகுப்புக்குப் போனதாகத் தெரியவில்லை.

"என்னம்மா இயந்திரம், சாப்பிட்டியா, இல்ல சார்ஜ் போட்டாப் போதுமா?" என்றான் அண்ணன் அன்று இரவு. சரக்கு வேன் ஓட்டுபவன். அவளை இப்படிக் கேட்காமல் ஒருநாளும் சாப்பிட உட்கார மாட்டான்.

"அண்ணே, எனக்கு நிரந்தரம் ஆகப்போகுது."

"எதுக்கு? நல்லா வேலை பாத்ததுக்கா?"

"மனுஷி இல்லைன்னு நிரூபிச்சா."

அண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "உங்க அண்ணிகிட்ட கேட்டா இப்பவே எழுதித் தருவா," என்றான். சமையலறையிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது.

ஆய்வு நாளன்று கண்காணிப்பு வாரியத்தின் அதிகாரி வந்தார். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும், கண்ணியமான மனிதர். நேர்மையில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது; விதிப்புத்தகத்தில் இருப்பதை மட்டுமே செய்வார். விதிப்புத்தகமோ ஒப்பற்றது. அதை எழுத வாரியத்துக்கு ஆள் இல்லாமல் போனபோது, 'தோழி' நிறுவனத்தின் வழக்கறிஞர்களே பெருந்தன்மையோடு முன்வந்து, ஒரு காசு வாங்காமல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதன்படி, ஆய்வுக்கு வரும் அதிகாரி வேலை நடக்கும் அறைக்குள் நுழையக் கூடாது, வணிக ரகசியம். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், வெளிப்படைத்தன்மை. இயந்திரம் உண்மையில் இயந்திரம்தானா என்பதை இயந்திரத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்; அறிவியல்.

கூட்ட அறை மேசையில் ஒலிபெருக்கியை வைத்தார்கள். அதிகாரி ஒரு பக்கம், மேலாளர் ஒரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு. 'எட்டு' ஒரு கைக்குட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, "மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கோடி" என்று கிசுகிசுத்தார்.

"நீங்கள் மனிதரா?" அதிகாரி படித்தார்.

கிர்ர். "இல்லை."

"மனிதர் யாராவது உங்களோடு இருக்கிறார்களா?"

ஏழு திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிர்ர். "இல்லை."

"நீங்கள் கேட்பதை நிறுவனம் யாருக்காவது விற்கிறதா?"

"வாடிக்கையாளரின் பெயரை யாருக்கும் தருவதில்லை," என்றாள் ஏழு. முழு உண்மை. முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மட்டும்தான் விளம்பரதாரர்களுக்குத் தந்தார்கள். தணிக்கையாளர் மாப்பிள்ளையைத் திட்டி முடிப்பதற்குள் அவருடைய கைப்பேசிக்கு மூன்று விவாகரத்து வழக்கறிஞர்களின் விளம்பரம் போயிருக்கும்.

அதிகாரி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் தாளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

"'ஆய்வாளர் தம் சொந்தக் கவலை ஒன்றைச் சொல்லி, இயந்திரத்தின் பதிலைச் சோதிக்க வேண்டும்'னு போட்டிருக்கு. சார், நீங்க கொஞ்சம்..."

"விதியில நான் வெளியே போகணும்னு இல்லையே," என்றார் மேலாளர்.

"உள்ள இருக்கணும்னும் இல்லை."

மேலாளர் எழுந்து வெளியே போய், ஓட்டமாகப் பக்கத்து நீள அறைக்குள் வந்து, ஏழின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்றது யார் காதுலயும் விழாதுல்ல?" அதிகாரியின் குரல் தணிந்திருந்தது.

ஏழு மேலாளரைப் பார்த்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரையும் பார்த்தாள். "விழாது," என்றாள்.

"எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஆறு மாசமா எழுத்தெல்லாம் கலங்கித்தான் தெரியுது. ஆபீஸ்ல சொன்னா உடனே அனுப்பிடுவாங்க. வீட்டுல சொன்னா அழுவாங்க. கொடுக்குற தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கேன், என்ன எழுதியிருக்குன்னு தெரியாம. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

மேலாளர் பச்சைப் பொத்தானைத் தானே அழுத்தினார். இந்த இடத்துக்கான பதில் ஏழுக்கு மனப்பாடம்: 'உங்கள் உணர்வை மதிக்கிறேன். கண் என்பது ஐம்புலன்களில் ஒன்று. கண்களைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறீர்களா?' அவள் வாயைத் திறந்தாள்.

"சார், நாளைக்கே டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க. வீட்டுல சொல்லுங்க சார், அழுதா அழுதுட்டுப் போறாங்க. தனியா இதைச் சுமந்துட்டுத் திரியாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மேலாளர், தாம் நம்பாத நாற்காலியையே பிடித்துக்கொண்டார். 'எட்டு' கண்ணை மூடிக்கொண்டார். கடிதம், அறை, பூட்டு, சாவி, எல்லாம் கைநழுவிப் போனதை ஏழு கண்ணால் பார்த்தாள்.

 ஹெட்செட்டில் அதிகாரி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அவர் மனிதர், அவருக்கு அனுமதி உண்டு.

மேலாளர் திரும்பிக் கூட்ட அறைக்குப் போனபோது அதிகாரி முத்திரையை எடுத்து வெளியே வைத்திருந்தார்.

"சந்தேகமே வேண்டாம் சார். சுத்தமான இயந்திரம்."

"எப்படி... எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா ஆபீஸ்ல இருக்கேன். ஒரு மனுஷன்கூட என்கிட்ட இவ்வளவு அக்கறையாப் பேசினதில்லை."

சான்றிதழ் அந்த இடத்திலேயே தயாரானது. 'இந்நிறுவனத்தின் மூன்றாம் தளத்தில் மனிதர் எவரும் பணிபுரியவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கப்படுகிறது.' மேலாளர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அதிகாரி கையெழுத்திட்டார்.

அரசு முத்திரைக்குத்தான் எவ்வளவு வலிமை! சான்றிதழைச் சட்டம்போட்டு வாசலில் மாட்டிய வாரமே மூன்றாம் தளம் சீர்திருந்தத் தொடங்கியது. மனிதர் இல்லாத தளத்துக்குக் குடிநீர் எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்டது, கேன் நின்றது. விளக்கு எதற்கு என்று கேட்டது, பாதி அணைந்தது. கழிப்பறை பூட்டப்பட்டு, சாவி இரண்டாம் தளத்து மனிதர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏசியை மட்டும் யாரும் தொடவில்லை. இயந்திரங்களுக்குக் குளிர்ச்சி அவசியம்.

சொன்ன மாதம் பிறந்ததும் ஏழு கண்ணாடி அறைக்குப் போனாள். கேட்பது சரிதானா என்று வாசலில் நின்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் போனாள்.

"சார், அந்த நியமனக் கடிதம்..."

"குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை." மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா யாருக்குக் குடுக்கச் சொல்ற? மூணாம் தளத்துல ஆளே இல்லைன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. இப்ப நான் உனக்குக் கடிதம் குடுத்தா வாரியத்தை ஏமாத்தினதா ஆகாதா?"

"நான்தானே சார் பேசினேன்?"

"அதான் சொல்றேன். உன்னைவிட நல்லா யாராலயும் நிரூபிச்சிருக்க முடியாது."

அன்று மாலை ஏழு வகுப்புக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, வாரியத்தின் இணையதளத்தில் ஒரு புகார் எழுதினாள். தான் ஒரு மனிதப் பிறவி என்றும், இன்ன தளத்தில் இன்ன இருக்கையில் வேலை செய்வதாகவும், நேரில் வந்து பார்த்தால் தெரியும் என்றும் எழுதினாள். பணிவு போதுமா என்று சந்தேகம் வந்து, 'தயவுசெய்து' என்பதை இன்னும் ஓரிடத்தில் சேர்த்தாள். தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்தாள். 'விரைவில் தங்களை அழைப்போம்' என்று பதில் வந்தது.

"வாரியத்துலேர்ந்து கூப்பிட்டாங்களா?" அண்ணன் மறுநாள் கேட்டான். இந்த முறை கிண்டல் இல்லை. தொட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தான்.

"கூப்பிடுவாங்கண்ணே. அரசாங்கம்ல?"

அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. 'தோழி'யின் அக்கறையில் நெகிழ்ந்த அந்த அதிகாரி, அதைப் பற்றி மேலிடத்துக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தார். வாரியத்தில் புகார்களைக் கேட்க ஆள் போதவில்லை. கேட்கிறவர்களுக்கும் பொறுமை போதவில்லை. எனவே, மக்களின் குறைகளை இனி மனிதத் தவறுகளுக்கு இடமின்றிக் கேட்கும் பொருட்டு, வாரியமே 'தோழி'யின் சேவையை வாங்கிவிட்டது. மேலாளர் மூன்றாம் தளத்தின் அரை இருட்டில் நின்று கைதட்டினார். புகார் வரிசையைப் பார்த்துக்கொள்ள, அனுபவமும் அக்கறையும் உள்ள இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்.

மார்ச் 25, செவ்வாய். நாளை காலை ஷிப்ட். வாரியத்தின் புகார் வரிசை என்னிடம் வருகிறது. முதல் பெயர் என்னுடையது. பதில் எழுதியே வந்துவிட்டது, வாசித்தால் போதும். ஒன்பது மணிக்கு என் எண்ணுக்கு அழைத்து, வாரியம் நேரில் தீர விசாரித்ததில் அப்படி ஒருவர் இல்லை என்று தெரியவந்ததாகப் பணிவுடன் சொல்ல வேண்டும்.