தங்கையா வீட்டுக் கருங்கல்

மீட்டர் மறுபடியும் கீச்சுக் கீச்சென்று கத்தியது. தங்கையாவின் முகம் சுண்டிப்போனது.

தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, தேயிலை லோரி ஓட்டி, மலையூரான கம்போங் ராஜாவில் சொந்த வீடு கட்டியவர் அவர். அடுப்படியில் பளபளவென்று கருங்கல் மேடை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே அதைத் தடவிப் பார்க்கச் சொல்வார். கட்டடக் கல்லில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் தனுஜா பக்கத்து வீட்டை அளந்து முடித்ததும், "நம்ம கல்ல நானே அளக்குறேன், முனியாண்டியும் பாக்கட்டும்லா" என்று பிடுங்கிக்கொண்டார்.

சற்றுமுன் தனுஜா அளந்தபோது பக்கத்து வீட்டு முனியாண்டியின் சிமெண்டுத் தரையில் வாய் திறக்காத மீட்டர், இங்கே ஊரைக் கூட்டியது.

"கருங்கல்லுல இயற்கையாவே கொஞ்சம் கதிர் இருக்கும்பா. குளிருக்கு வீட்ட மூடியே வச்சா, கல்லுலேருந்து வர்ற வாயு உள்ளேயே தங்கிடும். வருசக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆகாது," என்றாள் தனுஜா. "ஆனா இவ்வளவு கத்தக்கூடாதே!"

தங்கையா எல்லாச் சன்னலையும் திறந்தார். பனிக்காற்று சாமி விளக்கை அணைத்தது. மீட்டர் மட்டும் அடங்கவில்லை.

"கல்லத் தூக்கிடலாம்ணே," என்றான் முனியாண்டி.

இருவரும் முக்கி முனகிக் கல்லைப் பெயர்த்து வாசலில் சாய்த்தார்கள். அதில் ஒரு மூலை உடைந்தது. தங்கையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே வந்து வெறும் செங்கல்லில் மீட்டரைக் காட்டினார். கத்தியது. ஹாலில் கத்தியது. குளியலறையிலும் கத்தியது.

"தரையிலயும் இருக்குமோண்ணே?" முனியாண்டியின் அக்கறையில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது.

தங்கையா கடப்பாரையை எடுத்தார். கண் கலங்கினாலும் நிமிர்ந்தே நின்றார்.

"நாளைக்கு என் பேரப்புள்ள தவழப்போற தரை இது. தங்கையா கட்டுன வீட்டுல ஒருத்தருக்கும் சீக்கு வரக்கூடாது. இடிச்சிட்டு மறுபடியும் கட்டுவேன்!"

அவர் கடப்பாரையை ஓங்கிய நேரம், கியா பார்ம் சந்தையில் காய்கறி வாங்கித் திரும்பிய மனைவி காளியம்மா வாசலிலிருந்தே அலறினாள்.

"ஐயோயோ, கிறுக்கா புடிச்சிருக்கு? காலையில ஈப்போ ஆஸ்பத்திரியில எலும்பு ஸ்கேனுக்கு உங்க உடம்புல கதிர் மருந்து ஏத்துனாங்க. இன்னிக்குப் புள்ளைங்க பக்கத்துல போகாதீங்கன்னு நர்ஸ் சொன்னப்ப, அவங்ககிட்டயும் கருங்கல் பெருமைய அளந்துகிட்டு இருந்தீங்க! அது கத்துறது வீட்டப் பாத்து இல்லங்க, உங்களப் பாத்து!"